பாத்தியிலிருந்து கிண்ணம் வரை



இந்த மாதம் உங்களோடு ஒரு தூர தேசத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கும் குவாத்தமாலா நாட்டின் மலைக் கிராமங்களில் வளரும் மாயா இனக் குழந்தைகள் அவர்கள். இடம் தூரம்தான். ஆனால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்த ஊர் அடுப்படி உங்களுக்கு அந்நியமாக இருக்காது என்று நம்புகிறேன்.

குவாத்தமாலா அரசு 2014-15இல் எடுத்த தாய்சேய் நலக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பழங்குடிக் குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் இது 58 சதவீதம். மேற்கு மலைப்பகுதியில் உள்ள டோட்டோனிகாபான் மாவட்டத்தில் 70 சதவீதம். நாடுகள் என்று பார்த்தால், லத்தீன் அமெரிக்காவிலேயே மிக மோசமான நிலை குவாத்தமாலாவில்தான். அதே கணக்கெடுப்பில், எலும்பும் தோலுமாக மெலிந்துபோன குழந்தைகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசி என்றதும் நம் மனதில் வரும் படம், ஒட்டிய கன்னமும் குழிவிழுந்த கண்ணும்தான். இந்த ஊர்களில் அப்படி ஒரு குழந்தையைத் தேடினாலும் எளிதில் காண முடியாது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருக்கும். கன்னம் உருண்டையாகவே இருக்கும். சிரிக்கும், ஓடும், ஆட்டுக்குட்டியைத் துரத்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே உயரம், எதிர் வீட்டுப் பிள்ளையும் அதே உயரம். ஊரே அப்படி இருக்கும்போது, தன் பிள்ளைக்கு ஏதோ குறைகிறது என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. இந்தப் பசி மாதக்கணக்கில் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. நாள்பட்ட ஊட்டச்சத்துக் குறைபாடு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

"மாயா மக்கள் பிறவியிலேயே குள்ளம்" என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள், அந்த மக்களே நம்பவும் செய்தார்கள். பாரி போகின் என்ற மானுடவியலாளர் அதை அளந்து பார்த்தார். உள்நாட்டுப் போருக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போன மாயா குடும்பங்கள் ஃபுளோரிடாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் குடியேறியிருந்தன. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளை அவரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டு வாக்கில் அளந்தபோது, குவாத்தமாலாவில் வளர்ந்த அதே வயது மாயா பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 11 சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருந்தார்கள். அதே இனம், அதே ரத்தம், ஒரே ஒரு தலைமுறை இடைவெளி. நல்ல தண்ணீர், பலவகை உணவு, எட்டும் தூரத்தில் மருத்துவம் என்று அமைந்ததும் உடம்பு தன் உயரத்தைத் தேடிக்கொண்டது. அப்படியானால் மலையில் நிற்கும் பிள்ளையின் குறை அதன் தலையெழுத்து இல்லை. நாம் எல்லோரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காபி ஏற்றுமதி பெருகியபோது, மாயா ஊர்களின் பொது நிலங்கள் தோட்ட முதலாளிகள் கைக்குப் போயின. மக்கள் செங்குத்தான சரிவுகளுக்கு ஒதுங்கினார்கள். அறுவடைக் காலத்தில் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். 1952இல் அதிபர் அர்பென்ஸின் அரசு கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம், 1954இல் அந்த ஆட்சி கவிழ்க்கப்பட்டதோடு முடிந்துபோனது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள் என்று உண்மை ஆணையம் 1999இல் பதிவு செய்தது. இவ்வளவும் நடந்த மண்ணில், தந்தையிடமிருந்து மகன்களுக்குப் பிரிந்து பிரிந்து கைக்கு வந்த துண்டு நிலத்தில்தான் இன்று மக்காச்சோளம் விளைகிறது. அது முழு ஆண்டுக்கும் காணாது. பழைய தானியம் தீர்ந்து புதிய கதிர் முற்றும்வரை உள்ள மாதங்களில், ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை, பல வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரியும்.

ஆகவே வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும்போது, கொல்லையில் நாலு செடி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் பறிபோன வரலாற்றைக் கீரைப் பாத்தி சரிக்கட்டாது. ஆனால் நியாயம் கிடைக்கும்வரை குழந்தை வளராமல் காத்திருக்க முடியாது. அதற்கு அவகாசம் மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதை உலகத்துக்குக் காட்டியதும் குவாத்தமாலாதான். 1949இல் குவாத்தமாலா நகரில் தொடங்கப்பட்ட இன்காப் என்னும் மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம், 1969 முதல் 1977 வரை நாட்டின் கிழக்கே நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அவை மாயா கிராமங்கள் இல்லை, ஸ்பானிஷ் பேசும் ஏழை விவசாயிகளின் ஊர்கள். இரண்டு ஊர்களில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் தினமும் புரதம் சேர்ந்த கஞ்சி கொடுத்தார்கள். நம் வீட்டுச் சத்துமாவுக் கஞ்சியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு ஊர்களில் புரதம் இல்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த ஆண்கள், மற்ற ஊர் ஆண்களைவிட ஒரு மணி நேர வேலைக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை.

கருவில் இருக்கும் காலமும் பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தால் ஆயிரம் நாள். உயரத்தில் விழும் பள்ளம் பெரும்பாலும் அதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது. மூளை வேகமாக வளரும் காலமும் அதுதான். பள்ளிக்கூட மதிய உணவு எவ்வளவு அவசியமானாலும், இந்த ஒரு காரியத்துக்கு அது காலம் கடந்து வருகிறது. நாம் எட்ட வேண்டியது பால்குடி மறக்காத பிள்ளையை.

இனி அந்தப் பிள்ளை இருக்கும் அடுப்படிக்குப் போவோம். மாயா மலை வீட்டில் முந்தின இரவே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப் போட்டிருப்பார்கள். விடியலில் கழுவி, அரைத்து, உள்ளங்கையில் தட்டி, மண் தட்டில் சுட்டு எடுப்பது தோர்த்தியா என்னும் ரொட்டி. சுண்ணாம்பில் வேகவைப்பது ஆயிரக்கணக்கான ஆண்டு அறிவு. அது தானியத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுகிறது. உடம்பு ஏற்றுக்கொள்ள முடியாதபடி கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமினை விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டு போன ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பெல்லக்ரா என்னும் நியாசின் குறைபாட்டு நோயில் ஏழைகள் மடிந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு எதுவும் தெரியாது என்ற நினைப்போடு அந்த வீட்டு வாசலை மிதிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ரொட்டியோடு கறுப்பு பீன்ஸ், உப்பு, மிளகாய். பெரியவர்களுக்கு இது மோசமான சாப்பாடு இல்லை. சிக்கல் எட்டு மாதக் குழந்தையின் கிண்ணத்தில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் பீன்ஸ் வேகவைத்த நீரில் நனைத்த ரொட்டித் துண்டோ, நீர்த்த மாவுக் கஞ்சியோதான் விழும். பீன்ஸ் பானையிலேயே தங்கிவிடும். மென்மையானதைக் கொடுக்க வேண்டும் என்று தாய் நினைப்பது சரிதான். ஆனால் அந்தக் குட்டி வயிறு கொஞ்சம் தண்ணீரிலேயே நிறைந்துவிடுகிறது. வளர்வதற்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும் கொழுப்பும் அதில் இல்லை. போதாக்குறைக்கு, தவழும் பிள்ளைக்குச் சர்க்கரை போட்ட காபி கொடுக்கும் பழக்கமும் பல வீடுகளில் உண்டு. உணவில் இருக்கும் கொஞ்சம் இரும்பையும் காபி உடம்பில் சரியாக ஏறவிடாது.

இங்கேதான் தோட்டமும் கல்வியும் கைகோக்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் தோட்டத் திட்டம் என்றால் முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோஸ் விதைப் பொட்டலங்களோடு வண்டி வந்து நிற்கும். விதை தீர்ந்ததும் தோட்டமும் தீரும். ஆனால் அந்த மண்ணுக்கே உரிய கீரைகள் தாமே விதை உதிர்த்து, தாமே முளைப்பவை. மக்குய் என்று அவர்கள் சூப் வைக்கும் கீரை நம் மணத்தக்காளியின் நெருங்கிய உறவு. பிளேதோ என்பது நம் தண்டுக்கீரைக் குடும்பம். சிப்பிலின் என்பது கிலுகிலுப்பை இனத்துச் செடி. அதன் இலையை மாவோடு பிசைந்து ஆவியில் வேகவைப்பார்கள். குயிஸ்கில் கொடியை உங்களுக்கே தெரியும். நம் சந்தையில் சௌசௌ என்று வாங்குகிறோமே, அதேதான். கொடைக்கானல் அடிவாரப் பந்தல்களில் காய்க்கும் அந்தக் காய்க்குப் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நாம் காயை மட்டும் சமைக்கிறோம். அங்கே இளந்தளிரைக் கீரையாகவும், கிழங்கைத் தனிப் பண்டமாகவும் சமைக்கிறார்கள். முற்றத்து மூலையில் ஒரு கொடி ஏறினால் மூன்று வகை உணவு.

சரிவு நிலத்தில் கற்களை அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டுகிறார்கள். இடமில்லாத வீட்டில் பழைய டயரும் சாக்கும் பாத்தியாகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. அதனால் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் பாயும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தோட்டம் நிலைக்கும். மார்கழிப் பனி தளிர்களைக் கருக்கிவிடும் உயரங்களில் மேலே ஒரு மூடாக்கு வேண்டும். கோழி வளர்த்தால் முட்டையும் உண்டு, எருவும் உண்டு. ஆனால் கோழிக்கு அடைப்பு கட்டாயம். முற்றத்தில் தவழும் குழந்தை எச்சம் பட்ட மண்ணை வாயில் வைத்தால், ஒரு பக்கம் சேர்த்த சத்து மறுபக்கம் வயிற்றுப்போக்கில் போய்விடும். நோய் வந்தால் சத்து குறையும், சத்து குறைந்தால் நோய் வரும். இந்தச் சுழலைக் குவாத்தமாலாவின் சாந்தா மரியா காவுகே கிராமத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து பதிவு செய்த ஆய்வாளர் லியோனார்தோ மாத்தாவின் நூல் 1978இல் வெளிவந்தது.

இப்போது கல்வி. கூட்டம் கூட்டி, ஸ்பானிஷ் மொழியில், படங்காட்டி வகுப்பு எடுத்தால் போதும் என்று வெகுநாள் இருந்தார்கள். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் வழங்குகின்றன. அவற்றில் ஒன்றான கிச்சே மட்டும் பேசும் ஒரு பெண், ஸ்பானிஷில் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வீடு திரும்புவாள். 2007 முதல் மாயா மொழிகளிலேயே மருத்துவமும் ஆலோசனையும் கொடுத்துவரும் வுக்கு கவோக் போன்ற அமைப்புகள் இதைப் புரிந்துகொண்டவை. சொல்பவர் அதே மண்ணைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஊர் மருத்துவச்சி சொன்னால் மாமியார் கேட்பார். மாமியார் ஒப்புக்கொண்டால்தான் மருமகள் கரண்டி வேறுபக்கம் திரும்பும். கணவருக்கும் விளங்க வேண்டும். இருக்கும் ஒரு முட்டை யார் தட்டுக்கு என்று முடிவாகும் இடம் அந்த வீடு.

நல்ல ஆலோசகர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் தெரியுமா? அறிக்கை வாசிக்க மாட்டார். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பானையிலிருந்து வெந்த பீன்ஸை எடுத்து நன்றாக மசிப்பார். பொடிப்பொடியாக அரிந்து வேகவைத்த மக்குய் கீரையைச் சேர்ப்பார். ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்சம் தக்காளி. பிறகு கரண்டியால் எடுத்துச் சாய்த்துக் காட்டுவார். வழிந்து ஓடினால் அது தண்ணீர். கரண்டியில் நின்றால் அது குழந்தைக்கு உணவு. எழுத்து தெரியாத தாய்க்கும் இந்தச் சோதனை ஒருமுறை பார்த்தால் மறக்காது. அங்கேயே குழந்தைக்கு ஊட்டி, அது சப்புக்கொட்டுவதைத் தாய் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த நாள் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தின் எல்லையையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் 2010 முதல் 2012 வரை தோட்டமும் கோழியும் ஊட்டச்சத்துக் கல்வியும் சேர்த்து நடத்திய திட்டத்தை முறையாக ஆராய்ந்தார்கள். குழந்தைகளின் ரத்தசோகையும் மெலிவும் குறைந்தன. உயரம் கூடவில்லை. ஈக்வடார் மலைப்பகுதியில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்தபோது வளர்ச்சிக் குன்றல், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாத நிலை, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதே முறையை மலாவியில் செய்து பார்த்தபோது அந்த மாற்றம் வரவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஒரு காரணமாகச் சொன்னார்கள். தட்டில் எது இல்லையோ அதைக் கொடுத்தால்தான் பலன். எல்லா ஊருக்கும் ஒரே பொட்டலம் உதவாது.

இன்னொன்று, தாயின் நேரம். தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, தறியில் உட்கார்ந்து, கைப்பிள்ளையையும் முதுகில் கட்டிக்கொண்டு இருப்பவளிடம் "தோட்டமும் போடு" என்று சொல்வது எளிது. குழாய் ஒன்று வாசலுக்கு வராமல், வீட்டு ஆண்கள் மண்வெட்டி எடுக்காமல், அந்தத் தோட்டம் அவளுக்கு இன்னொரு சுமைதான். அதே மலைகளில் 1970களின் கடைசியிலிருந்து பட்டாணியும் புரோக்கோலியும் ஏற்றுமதிக்காக விளைகின்றன. மண்ணுக்கும் உழவர்களுக்கும் திறமையில் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விளைந்தது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கேள்வி.

குழந்தைகளின் இந்த நிலை மாறக்கூடியது என்பதற்குச் சாட்சியாகப் பெரு நாடு இருக்கிறது. 2007-08 வாக்கில் அங்கே 28 சதவீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2016இல் 13 சதவீதத்துக்கு வந்தது. ஆண்டிஸ் மலைப் பழங்குடி ஊர்களையும் உள்ளடக்கிய நாடு அது. ஏழைத் தாய்மாருக்குப் பண உதவி, தவறாத உடல்நலப் பரிசோதனை, பலனைப் பார்த்து ஒதுக்கிய நிதி, பிள்ளையின் உயரத்தை அளந்து பெற்றோருக்கே காட்டிய பழக்கம், ஆட்சி மாறியும் கைவிடாத உறுதி என்று பலதும் சேர்ந்துதான் அது நடந்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பழங்குடிக் குழந்தைகளில் 40.9 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அவர்களுடைய காட்டோரங்களிலும் யாரும் விதைக்காமலே கீரை முளைக்கிறது. அவர்களிடமும் பறிபோன நிலத்தின் கதை இருக்கிறது.

வாசகர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் இருக்கிறீர்கள், தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்காவது வீட்டுத்தோட்டத் திட்டம் என்று கேள்விப்பட்டால், எத்தனை விதைப் பொட்டலம் போயிற்று, எத்தனை பாத்தி போட்டார்கள் என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டின் எட்டு மாதக் குழந்தை நேற்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். அதன் தாய்க்குப் புரியும் மொழியில் பேசினார்களா, அவள் வாசலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பாத்தியிலிருந்து கிண்ணத்துக்கு உள்ள பத்தடி தூரத்தைக் கடக்க விதை மட்டும் போதாது. அறிவும், தண்ணீரும், தாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் வேண்டும். இவற்றைச் சேர்த்துக் கொடுப்பது ஓர் அரசால் முடியாத காரியம் இல்லை, ஒரு சமூகத்தால் முடியாத காரியமும் இல்லை. பெருவால் முடிந்திருக்கிறது. குவாத்தமாலாவாலும் முடியும், நம்மாலும் முடியும். கேட்கிறவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்